ராபர்ட்சன் கீயில் ஆற்றோரக் காண்டோ: வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களுக்கு

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் இருப்பது போட் கீ ('கீ' என்றால் படகுத்துறை). அதற்கு மேலே கிளார்க் கீ, இன்னும் மேலே ராபர்ட்சன் கீ. ஒருகாலத்தில் கிடங்குகள் வரிசை கட்டி நின்ற இந்த மேல்துறையில் இன்று கண்ணாடிச் சுவர் வைத்த காண்டோக்களும் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள்) ஆற்றோர நடைபாதையும் காப்பிக் கடைகளும்தான். வேலை மாற்றலாகி இரண்டு வருட ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம் விரும்பும் இடங்களில் இது ஒன்று. ஒரே கட்டடத்தில் ஆறு தெரியும் வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் வாடகை வேறு. அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை ஆற்றைவிடச் சின்ன விஷயங்கள்: சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, தாளிக்கும் புகை எங்கே போகிறது, ஏசித் தண்ணீர் எப்படி வடிகிறது, ஒப்பந்தத்தில் நாலைந்து வரிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். ஆற்றோரம் என்றாலே நாற்றம் வருமோ என்று கேட்பவர்கள் உண்டு. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு நடந்த துப்புரவுப் பணியில் இந்த ஆறு மீட்கப்பட்டது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடல் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள் வருவதில்லை. ஆறு இப்போது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. அதனால் சேற்று வாடையும் உப்புக் காற்றும் இங்கே பெரிய தொந்தரவு இல்லை. ஈரப்பதம்தான் தொந்தரவு. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தப் பக்கம், எந்த நிலையம்

ராபர்ட்சன் கீயின் நடுவில் எம்ஆர்டி ரயில் நிலையம் கிடையாது. மேற்கே கிரேட் வேர்ல்ட், தெற்குக் கரைப் பக்கம் ஹேவ்லாக் என இரண்டும் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் 2022 நவம்பரில் திறந்தவை. கிழக்கே டவுன்டவுன் பாதையின் ஃபோர்ட் கேனிங், வடகிழக்குப் பாதையின் கிளார்க் கீ. கிரேட் வேர்ல்டில் ஏறினால் கடைவீதியான ஆர்ச்சர்ட் அடுத்த நிறுத்தம். எதிர்த்திசையில் அலுவலகப் பகுதியான ஷென்டன் வே நான்காவது நிறுத்தம். கிளார்க் கீயிலிருந்து லிட்டில் இந்தியா இரண்டே நிறுத்தம். அங்குள்ள தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி வரும் வீட்டுக்கு இது பெரிய வசதி. விளம்பரத்தில் 'ஐந்து நிமிட நடை' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து நிலைய நுழைவாயில் வரை நீங்களே நடந்து பாருங்கள், மழைக்குக் கூரை எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் சேர்த்து. இங்கே மழை திடீரென்று கொட்டும். கூரையில்லாத கடைசி இருநூறு மீட்டர்தான் அலுவலகத்துக்கு நனைந்து போக வைக்கும்.

ஃபோர்ட் கேனிங் பக்கம் வீடு எடுத்தால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் நடக்கிற தூரம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859-இல் கட்டியது. சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பும் தைப்பூசக் காவடிகள் வந்து சேருமிடம் இதுதான். வெள்ளி ரதம் புறப்படுவது அதற்கு முந்தின நாள். அந்த இரண்டு நாளும் கோயிலைச் சுற்றிய சாலைகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். வீடு மாற்றும் லாரியையோ விமான நிலைய டாக்சியையோ அன்றைக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டாம்.

மாலை நாலு மணிக்கு ஒருமுறை, வெள்ளி இரவு ஒருமுறை

முகவர்கள் வீட்டைக் காலை பத்து பதினோரு மணிக்குக் காட்டவே விரும்புவார்கள். வெளிச்சம் அழகாக இருக்கும், வெயில் உள்ளே வராது, கடைகள் அமைதியாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மாலை நாலு மணி. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட விலகாத ஊர் இது. சூரியன் வருடம் முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் மறைகிறது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் மூன்று மணியிலிருந்து மறையும்வரை வெயில் வாங்கும். ஏசி ஓடிக்கொண்டே இருந்தாலும் வரவேற்பறை சோபாவில் உட்கார முடியாது. வடக்கு, தெற்கு பார்த்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆறு இந்த இடத்தில் வளைந்து போவதால் 'ஆற்றைப் பார்த்தது' என்பதை வைத்துத் திசையை ஊகிக்க முடியாது. ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளே வேறு வேறு கோணத்தில் இருக்கும். கைப்பேசியின் திசைகாட்டியை ஒவ்வொரு படுக்கையறைச் சன்னலிலும் வைத்துப் பாருங்கள். பிறகு கண்ணாடிக்கு வெயில்தடுப்புத் தாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வீட்டுக்காரர் சம்மதமும் கட்டட நிர்வாகக் குழுவின் சம்மதமும் வேண்டும், வெளித்தோற்றம் மாறும் என்று மறுக்கவும் செய்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது முறை வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்குப் போங்கள். வீட்டுக்குள் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வீட்டுச் சன்னலுக்கு நேர் கீழே ஆற்றோர நடைபாதையில் கால்மணி நேரம் நில்லுங்கள். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தச் சட்டப்படி தடை. ஆனால் உரிமம் பெற்ற கடைகளின் வெளி மேசைகளுக்கு அவரவர் உரிம நேரம் உண்டு. மேல்மாடி என்றால் சத்தம் கேட்காது என்பது தவறான நம்பிக்கை. மூன்றாம் மாடிக்குக் கீழே மரங்களும் முகப்புக் கூரையும் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். பன்னிரண்டாம் மாடிக்கும் கடை மேசைக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. எதிர்க்கரைச் சுவரில் மோதிய சத்தமும் சேர்ந்து வரும். படுக்கையறை ஆற்றைப் பாராமல் உள்முற்றத்தைப் பார்க்கும் வீடு கிடைத்தால், வரவேற்பறையில் காட்சி, படுக்கையறையில் தூக்கம் என்று இரண்டும் கிடைக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான்.

பக்கத்தில் காலி மனையோ, வேலியடைத்த பழைய கட்டடமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் குடியிருப்புகளுக்கு அருகில் கட்டுமான வேலைக்குத் தடை இருந்தாலும் மற்ற ஆறு நாள் இருக்கிறதே.

உள்ளே போனதும்

விளம்பரத்தில் சொல்லும் சதுர அடியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஜூனுக்கு முன் அனுமதிக்கு விண்ணப்பித்த கட்டடங்களில் ஏசி இயந்திரம் வைக்கும் வெளித்திட்டும் விற்பனைப் பரப்பில் சேர்ந்திருக்கும். உயரக் கூரை வைத்த வீடுகளில் தலைக்கு மேல் உள்ள வெற்றிடத்தைக்கூடச் சேர்த்திருப்பார்கள். பால்கனியும் அதற்குள்தான். ஆயிரம் சதுர அடி என்று சொன்ன வீட்டில் நடமாடும் தரை எவ்வளவு என்பதை அளவு நாடாவால் பாருங்கள். இங்கே பெரிய இரட்டைக் கட்டில் 183 சென்டிமீட்டர் அகலம். கட்டிலைப் போட்டபின் அலமாரிக் கதவு முழுதாகத் திறக்குமா என்பதே கேள்வி.

ஏசிக்குக் குறைந்தது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வெளியில் ஒரு இயந்திரம், உள்ளே மூன்று நான்கு ஊதிகள் என்பதே இங்கே வழக்கமான அமைப்பு. ஒன்றை மட்டும் போட்டுக் காட்டினால் எதுவும் தெரியாது. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் 18 டிகிரியில் போடச் சொல்லுங்கள். முப்பது நிமிடம் கழித்து ஒவ்வொரு ஊதியின் கீழ்விளிம்பையும், பக்கத்துச் சுவரையும் விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் இரண்டில் ஒன்று: வடிகுழாயில் பாசி பிடித்து அடைத்திருக்கிறது, அல்லது குழாயைச் சுற்றிய நுரையுறை உளுத்துப்போய்க் குளிர்குழாய் வியர்க்கிறது. முன்னது கழுவினால் தீரும். பின்னது பொய்க்கூரையைப் பிரிக்கும் வேலை, அதை நீங்கள் குடியேறுவதற்கு முன்பே வீட்டுக்காரர் செய்து முடிக்க வேண்டும். ஊதியின் வாயில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம்; ரசாயனக் கழுவல் செய்து ரசீதோடு ஒப்படைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

நம் வீடுகளுக்கு அதைவிட முக்கியம் சமையலறை. புதிய காண்டோக்களில் திறந்த சமையலறை, அதன் மேல் மெல்லிய புகைபோக்கி. பார்க்க நன்றாக இருக்கும். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளுவதே இல்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. ஒரு டிஷ்யூத் தாளைப் புகைபோக்கியின் வடிகட்டிமேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அது இழுவையை மட்டும்தான் காட்டும். மேல் அலமாரியைத் திறந்து, குழாய் வெளிச்சுவருக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். போகவில்லை என்றால் மிளகாய் தாளித்த நெடி இரவுவரை திரைச்சீலையில் நிற்கும், கரி வடிகட்டியை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கதவு வைத்த தனிச் சமையலறை, அதில் திறக்கக்கூடிய ஒரு சன்னல் — இது இருக்கும் பழைய கட்டடம், இல்லாத புதிய கட்டடத்தைவிடத் தமிழ்க் குடும்பத்துக்கு மேலானது. இந்த ஒன்றுக்காக நீச்சல்குளத்தின் அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

அடுப்பு வாயுவா, இண்டக்‌ஷனா என்றும் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியக் குக்கரும் இட்லிக் குண்டானும் மண்சட்டியும் சூடாகாது. இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், அடி வளைந்திருக்கக் கூடாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மின்னழுத்தம் பிரச்சினையில்லை, இங்கேயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான். செருகிதான் வேறு: மூன்று சதுர முள், உள்ளே ஃபியூஸ். மலிவான மாற்றியைச் செருகிக் கிரைண்டர் ஓட்டினால் தொடர்பு தளர்ந்து சூடாகும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்துச் செருகியையே மாற்றிவிடுங்கள்.

சன்னல்களில் ஒரு பார்வை. பக்கவாட்டில் திறக்கும் சன்னலின் கீல்களில் எஃகு ஆணி இருக்க வேண்டும். அலுமினிய ஆணி அரித்துக் கழன்று சன்னலே விழுந்த சம்பவங்களுக்குப் பிறகு வந்த விதி இது. தள்ளு சன்னலில் தடுப்புக்கட்டை இருக்க வேண்டும். குழந்தைக்காகப் பால்கனியில் மெல்லிய கம்பித் தடுப்பு போட வேண்டுமென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே சம்மதம் வாங்குங்கள்.

தனி லிப்ட் நேராக வீட்டுக்குள் திறக்கும் வீடுகள் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் யோசியுங்கள். அட்டையில்லாமல் கீழே போனவர் மேலே வர முடியாது, வந்த விருந்தாளிக்கு யாராவது உள்ளிருந்து திறந்துவிட வேண்டும். அவர்களுக்கென்று ஒரு அட்டை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பணமும் காகிதமும்

முகவரின் பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றமான சிஇஏவின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். படமும் தொலைபேசி எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருக்கச் சட்டம் இடம் தராது. வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ முகவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். பணம் வீட்டுக்காரர் கணக்குக்கு மட்டும். அந்தப் பெயர்தான் உரிமையாளர் பெயரா என்பதைச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நேரில் வர முடியாது, உடனே பணம் அனுப்புங்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

நடைமுறை இப்படிப் போகும். வீட்டை எடுக்க விரும்புவதாக நீங்கள் எழுதிக் கொடுக்கும் விருப்பக் கடிதம், அதனோடு ஒரு மாத வாடகை. நீங்கள் கேட்கும் எல்லாத் திருத்தத்தையும் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒப்பந்தம் வரும்போது புதிதாகக் கேட்டால் முன்பணம் மாட்டிக்கொள்ளும். பிறகு ஒப்பந்தம், இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதக் காப்புத் தொகை. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை. நாலு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் 24 மாதத்துக்கு 1,68,000. தீர்வை 672 வெள்ளி. ஆக, சாவி கைக்கு வருவதற்குள் முதல் மாதம் 7,000, காப்புத் தொகை 14,000, தீர்வை 672 என 21,672 வெள்ளி தயாராக இருக்க வேண்டும். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது, அதனால் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். ஊருக்குப் போகும் ஒரு மாதத்தில் சுற்றுலாப் பயணிக்கு விடலாம் என்ற யோசனைக்கே இடமில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை வரிவரியாகப் படியுங்கள். ஒன்று, வேலை போனாலோ மாற்றலானாலோ வெளியேறும் உரிமை. வழக்கமாக 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பு, அதாவது 14 மாத வாடகை உறுதி. முகவர் தரகில் மீதிக் காலத்துக்கான பங்கையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். வேலை அனுமதிச் சீட்டு ரத்தானால் இந்த உரிமை பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு, கூட்டு விற்பனை. ஆற்றோரத்தின் பழைய கட்டடங்கள் மொத்தமாக விற்கப்பட்டால் உங்கள் ஒப்பந்தத்தை முடிக்க வீட்டுக்காரருக்கு உரிமை தரும் வரி பெரும்பாலும் இருக்கும். குறைந்தது மூன்று மாத அவகாசம் கேளுங்கள். மூன்று, சிறு பழுது. 200 வெள்ளி, 250 வெள்ளி என்று ஒரு வரம்பு போட்டு அதுவரை உங்கள் செலவு என்பார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனியாக அந்த வரம்பு என்றும், அதைத் தாண்டியதை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும் என்றும் தெளிவாக இருக்கட்டும். குடியேறிய முதல் 30 நாளில் தெரியவரும் குறைகள் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்ற வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

குடியேறும் நாள்

கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே படிவம் கொடுத்து, சரக்கு லிப்டைப் பதிவு செய்து, திரும்பத் தரும் வைப்புத் தொகை கட்ட வேண்டும். சொல்லாமல் லாரி போனால் காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எஸ்பி குழுமத்தில் உங்கள் பெயரில் கணக்கு. வாயு இணைப்பு இருந்தால் அதைத் திறந்துவிட வரும் ஊழியருக்குத் தனி நேரம்.

சாமான் இறங்குவதற்கு முன் காலி வீட்டைப் படமெடுங்கள். பளிங்குத் தரையைப் படமெடுக்கும்போது விளக்கை அணைத்து, கைப்பேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத மங்கல் வட்டங்கள் அப்போது தெரியும். முன்பு இருந்தவர் சிந்திய எலுமிச்சைச் சாற்றுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. படங்களை அன்றே மின்னஞ்சலில் முகவருக்கு அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும்.

பளிங்கு, பட்டு, ஈரம்

பளிங்கு, சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் மெருகை அரித்துவிடும். அது கறை இல்லை, துடைத்தால் போகாது; இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பளிங்குத் திட்டில் செய்யாமல் எஃகுத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டு வைத்துச் செய்யுங்கள். செயற்கைக் குவார்ட்ஸ் திட்டில் அமிலம் அவ்வளவு ஏறாது. ஆனால் மஞ்சள் ஏறும், கொதிக்கும் குக்கரை நேராக வைத்தால் அதிலுள்ள பிசின் பழுப்பாகும்.

ஈரப்பதத்துக்கு ஒரு சின்ன அளவுமானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது, 70-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும். முதலில் பிடிப்பது குளியலறைச் சுவரை ஒட்டிய உள்ளமைந்த அலமாரியில். பட்டுப்புடவைகளை அங்கே வைக்கக் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியின் மேல்தட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். கடைகளில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா ஈரத்தை உறிஞ்சி அடியில் உப்புநீராகச் சேர்க்கும்; அது சாய்ந்தால் பட்டு போச்சு. அதைக் கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துச் சன்னலைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தோல் செருப்பும் பெல்ட்டும் வெள்ளை பூத்திருக்கும். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வடிகுழாயைக் குளியலறைத் தரைக்கு விட்டு ஓட விடுங்கள்.

பூந்தொட்டித் தட்டிலும் பால்கனி வடிகாலிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கிப் பகுதியில் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. ஆற்றில் நீர்நாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் குட்டியோடு இருக்கும்போது தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள், தீனி போட வேண்டாம்.

வெளியேறும்போது

காப்புத் தொகையைப் பிடிப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இவை: ஏசிப் பராமரிப்பு ரசீது இல்லை, திரைச்சீலை உலர்சலவை செய்யவில்லை, சுவரில் ஆணித்துளை, தரையில் மங்கல். ஏசிப் பராமரிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஒப்பந்தம் சொன்னால் இரண்டு வருடத்துக்கு எட்டு ரசீது கேட்பார்கள். ஆறு ரசீது இருந்தால் போதாது. முதல் வருடமே ஒரு பராமரிப்பாளரிடம் ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டால் தேதி தவறாது. வெளியேறுவதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டுக்காரரையோ முகவரையோ அழைத்து ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி, உங்கள் ஆளை வைத்து உங்கள் விலையில் செய்து முடிக்கலாம். சாவி கொடுத்தபின் அவர்கள் அனுப்பும் விலைப்பட்டியல் எப்போதும் கூடுதல்.

தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. வெயிலில் மங்கிய மரத்தரையும் கட்டில் கால் பதிந்த தடமும் அதில் சேரும். பேசித் தீராவிட்டால், இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அங்கே கேட்கப்படுவது தீர்வை கட்டிய ஒப்பந்தம், குடியேறிய நாளின் படங்கள், ரசீதுகள், கடைசி நாளில் இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாள்.